அன்செல்ம் முனிவர்

இறைவனை அன்பினாலே வழிபடுதல் ஒரு நெறி; அவன் உண்மையை அறிவினாலே ஆராய்தல் பிறிதொரு நெறி என இரண்டையும் வேறு பிரித்துக் கூறுவார் எந்நாட்டிலும் உளர். ஆராய்ச்சி மிகுந்தவிடத்து அன்பு உலர்ந்துபோம் என்று அஞ்சுவார் ஒருசாரார். அன்பு மிகுந்தவிடத்து அறிவு மயங்கிப்போம் என்று இகழ்வார் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் பொருந்தாமையைத் தம் வாழ்க்கையாலேயே காட்டிச் சென்ற பெரியோர் சிலர். மேனாட்டுக் கத்தோலிக்கத் துறவியருள் அங்ஙனம் முதற்கண் வைத்து எண்ணத்தக்கவர் அன்செல்ம் முனிவர். அவர்பால் சிந்தனையும் வழிபாடும் இரு செயல்களாக இருந்தில. அச்செயலுக்கு வேண்டிய தனிமையை அவர் நாடியிருந்த காலத்தில் உலகம் அவரைப் பற்றியிழுத்து ஒரு பெரும் பதவியில் இருத்தியது. அதன்கண்ணும் அவர் தம்மை இழவாது நின்றவாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

அன்செல்ம் கி.பி. 1033-ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைகளினிடையே அமைந்த அவோஸ்தா என்னும் நகரிற் பிறந்தார். அந்நகர் அக்காலத்துப் பர்கண்டி அரசைச் சார்ந்திருந்தது. இன்று இத்தாலி நாட்டின் வடமேற்கு மூலையில் உள்ளது. தந்தையார் குந்துல்ஃப் என்பவர் கைப்பொருளை அளவின்றிச் செலவிடும் இயல்பினர். தாயார் எர்மென்பெர்கா இல்லத்தை ஒழுங்குற நடத்தியவர், தெய்வபத்தி மிக்கவர். வானத்தின்மேல் எல்லாவற்றையும் ஆளும் இறைவன் ஒருவன் உளன் என்று தாயார் சொல்லக் கேட்ட சிறுவர், ஊரைச் சூழ்ந்த மலைமுடிகளின்மேல் வானம் தங்கியிருப்பதாகவே எண்ணினார். மலையேறினால் அவ்வரசனது மாளிகையை அடையலாம் என்பது அவர் துணிபு.

ஓரிரவு அவர் கனவில் அம்மலை ஏறினார். வழியில் அரசனுடைய பணிப்பெண்கள் விளைந்த கதிரைச் சோம்பலோடும் கவலையின்றியும் அறுத்துக்கொண்டிருந்தனர். அவர்தம் குற்றத்தை அரசனிடம் உரைப்போம் என்று நினைந்து மேலே சென்றார். அறுவடைக் காலமாதலின் ஏவலர் யாவரும் வெளியே சென்றிருக்க, அரசன் தன் மடைத்தொழிற்றலைவன் ஒருவனோடு மட்டும் வீற்றிருந்தான். அவன் சிறுவரை அன்புடன் அழைத்துத் தன் அடியருகே இருத்தி, அவர் பெயரும் வரவும் வினவினான். பின்னர் மிக வெண்மையான அப்பம் ஒன்றை வருவித்து உண்பித்தான். மறுநாள் விழித்த சிறுவர் தாம் மெய்யாகவே விண்ணுலகு சென்று இறைவனது அப்பத்தை உண்டதாக நம்பி, அதனைப் பிறரிடமும் கூறினார். அவர் வரலாற்றை எழுதிய மாணாக்கர் எட்மர், இக்கனவை அவரிடமே கேட்டுக் குறித்து வைத்தனர். மலையேறிச் சென்று இறைவனோடு நேரே உரையாட விழைந்த அப்பிள்ளையுள்ளம் அவரைவிட்டு இறுதிவரை நீங்கவில்லை என்பதனை மேலே காண்போம்.

பதினைந்து வயது நிரம்புமுன்னரே அவர் துறவு பூண விரும்பி மடத்தலைவர் ஒருவரை வேண்டினார். தந்தையின் சினத்துக்கு அஞ்சிய அத்தலைவர் ஏற்க மறுத்தனர். நோய் வந்தாலாயினும் இரங்கி ஏற்றுக்கொள்வர் என்று கருதிய இளைஞர், தமக்கு நோய் தருமாறு இறைவனை இரந்தார். நோய் வந்தது, மடம் திறக்கவில்லை. உடல் தேறியபின் அவ்விருப்பம் மெல்ல மெல்லத் தணிந்தது. இளமையின் இன்பங்கள் அவரை ஈர்க்கத் தொடங்கின. தாயார் இருந்தவரை அவர்பால் வைத்த அன்பு ஒரு நங்கூரம்போல் இவரைத் தாங்கி நின்றது. தாயார் மறைந்தபின் தந்தையாரின் வெறுப்பு நாளும் வளர, இவர் எவ்வளவு பணிந்தும் அது தணியாமை கண்டு, ஏவலன் ஒருவனோடு வீட்டைத் துறந்து வெளியேறினார். செனீ மலைக் கணவாயைக் கடக்கையில் களைப்பு மிகுந்து பனியை அள்ளி வாயிலிட்டுச் செல்ல நேர்ந்தது. கழுதைமேல் இருந்த பையில் ஒன்றும் இல்லையென்று எண்ணியிருந்த ஏவலன் மீண்டும் துழாவிப் பார்க்க, அங்கே ஒரு வெள்ளை அப்பம் அகப்பட்டது. அதனை உண்டு உயிர் தெளிந்தனர்.

பர்கண்டியிலும் பிரான்சிலும் மூன்றாண்டு திரிந்தபின், ஏறக்குறைய 1059-இல் அவர் நார்மண்டி நாட்டிலுள்ள பெக் என்னும் மடத்தை வந்தடைந்தார். போர்வீரராக வாழ்ந்து துறவியான எர்லூயின் என்பவர் நிறுவிய எளிய மடம் அது. இத்தாலியிலுள்ள பாவியா நகரினின்று வந்த லன்பிராங்கு என்னும் பேராசிரியர் அங்கே பாடஞ் சொல்லத் தொடங்கியபின் அதன் புகழ் எங்கும் பரவியிருந்தது. அன்செல்ம் அவர்பால் இரவும் பகலும் கற்றார். கல்விக்காகப் பட்ட குளிரும் பசியும் கண்விழிப்பும் துறவியாய் வாழ்ந்தாற் படுவனவற்றினும் குறைந்தனவல்ல என்று கண்டபோது, பழைய விருப்பம் மீண்டும் முளைத்தது.

எங்கே துறவு பூணுவது என்னும் வினா அப்பொழுது எழுந்தது. க்ளூனி என்னும் பெருமடத்திற் சேர்ந்தால் அங்குள்ள நீண்ட வழிபாட்டு முறையால் தாம் கற்ற கல்வி பயன்படாது போம். பெக்கில் இருந்தாலோ லன்பிராங்கின் ஒளியில் தம் ஒளி தோன்றாது போம் என்று அவர் எண்ணினார். அடுத்த நிலையிலேயே இவ்வெண்ணத்தின் உள்ளே ஒளிந்திருந்த தற்பெருமையைத் தாமே கண்டுகொண்டார். பிறர்க்குப் பின்னிற்பதற்காகவன்றோ துறவு. தாம் ஒரு பொருளாகக் கருதப்படாத இடமே தமக்குத் தக்க இடம் என்று துணிந்தார். ஆசிரியரையும் ரூவான் நகரப் பேராயரையும் கலந்து, 1060-இல் தமது இருபத்தேழாம் வயதில் பெக் மடத்திலேயே துறவாடை உடுத்தார். தன் உள்ளத்தைத் தானே சான்றாக நின்று பார்க்கும் இப்பயிற்சியே பின்னர் அவர்தம் தத்துவ ஆராய்ச்சிக்கும் அடிநிலையாயிற்று.

அம்மடத்தார் பெனடிக்டு முனிவர் வகுத்த ஒழுங்கைப் பின்பற்றினர். இரவில் எழுந்து ஒருமுறையும் பகலில் எழுமுறையும் கோவிலிற் கூடித் திருப்பாடல் ஓதுதல், கைத்தொழில், திருநூலை மெல்ல ஓதி உள்ளத்தில் அசைபோடுதல், மௌனம் என்பன அவர்தம் நாட்கடன். 1063-இல் லன்பிராங்கு வேறு மடத்துக்குத் தலைவராகச் செல்லவே, மடத்தில் மூன்றாண்டு மட்டுமே நிரம்பிய அன்செல்ம் துணைத்தலைவராக்கப்பட்டார். மூத்தோர் சிலர் அதனைப் பொறாது பகைத்தனர். அவர்களோடு சேர்ந்த ஆஸ்பர்ன் என்னும் இளந்துறவி கூரிய அறிவும் கொடிய பகையும் உடையவன். அன்செல்ம் அவனை ஒறுக்கவில்லை. அவனுடைய சிறு விளையாட்டுக்களைப் பொறுத்து, தீங்கில்லாத விருப்பங்களை நிறைவேற்றி, முதலில் அவன் அன்பைப் பெற்றார். அன்பு உறுதிப்பட்டபின் அச்சலுகைகளை ஒவ்வொன்றாக விலக்கி அவனை ஒழுக்கத்தில் நிறுத்தினார். அவன் நோயுற்றபோது தாமே அருகிருந்து ஊட்டினார். அவன் இளமையிலேயே இறந்துபட, ஓராண்டு முழுவதும் நாள்தோறும் அவன் பொருட்டுப் பூசை நிகழ்த்தினார்.

மற்றொரு மடத்தின் தலைவர், தம்பால் வளரும் சிறுவர்களை இரவும் பகலும் அடித்தும் அவர்கள் திருந்துகின்றிலர் என்று இவரிடம் குறைகூறினார். நட்ட இளமரத்தை நாற்புறமும் கிளை விரியாதவாறு நெருக்கி அடைத்துவைத்தால், பின்னொருநாள் திறக்கும்போது முறுகிய கிளைகளையன்றி வேறெதனைக் காண்பது என்று இவர் அவரை வினவினார். அச்சம் ஒன்றையே அறிந்து வளர்ந்த உள்ளத்தில் அன்பும் நம்பிக்கையும் வேரூன்ற இடமில்லை என்று விளக்கக் கேட்ட அத்தலைவர், தம் பிழையுணர்ந்து வருந்தினார் என்ப. பிரம்பு கல்விக்கு இன்றியமையாதது என்று யாவரும் கருதிய பதினொன்றாம் நூற்றாண்டில் எழுந்த கருத்து இது.

இக்காலத்தில் அவர் பல இறைவேண்டல்களும் தியான உரைகளும் இயற்றினார். அவை கோவிலிற் கூடி ஓதுதற்குரியன அல்ல. ஒருவர் தனித்திருந்து ஓதுதற்குரியன. அவற்றை விரைந்து படித்து முடித்தல் வேண்டாம். மனம் இறைவன்பால் எழும் அளவுக்குச் சிறிது சிறிதாகப் படித்து, எழுந்தவிடத்தே நிறுத்திக்கொள்க என்பது அவர் கூறிய முறை. நூல் ஒரு படி. படியிலேயே நின்றுவிடுதற்கு அது அமைக்கப்படவில்லை என்பது கருத்து.

உடனுறைந்த துறவியர், இறைவனியல்பைப் பற்றி அவர் உரையாடியவற்றை எழுதித் தருமாறும், திருநூல் மேற்கோளால் ஒன்றையும் நிறுவாது அறிவின் வழியாலேயே நிறுவுமாறும் வேண்டினர். அங்ஙனம் 1076-இல் எழுந்தது மொனொலோகியோன் என்னும் நூல். உலகிற் காணும் நன்மைகள் பலவும் பல அளவின. அவை யாவும் நன்மையாவதற்குக் காரணமாய்த் தானே நன்மையாய் நிற்கும் முழுமுதல் ஒன்று வேண்டும் என்பது போன்ற யுத்திகளால் அந்நூல் நடக்கின்றது. அப்போது கான்டர்பரிப் பேராயராக விளங்கிய லன்பிராங்கிற்கு அதனை அனுப்ப, ஆன்றோர் மேற்கோள் இல்லாமை குறையெனக் கண்டு அவர் தெரிவித்தனர். மாணாக்கர் ஆசிரியரைப் பெரிதும் மதித்தவர். ஆயினும் அகுஸ்தீன் முனிவர் கொள்கைக்கு மாறானது ஒன்றும் தம் நூலில் இல்லையென்று பணிவுடன் விடைகூறி, நூலை மாற்றாது விட்டனர்.

அந்நூல் பல யுத்திகளைக் கோத்த மாலை. மற்றொன்றின் துணை வேண்டாது தானே நின்று இறைவன் உண்மையை நிறுவும் ஒரே யுத்தி உண்டோ என்று அவர் தேடத் தொடங்கினார். அத்தேட்டம் உணவையும் உறக்கத்தையும் கெடுத்தது. கோவில் வழிபாட்டிலும் மனத்தை நிற்கவொட்டாது அலைத்தமையால், இது தீய ஆவியின் சோதனையோ என்று அஞ்சி அதனை விலக்கவும் முயன்றார். விலக்குந்தோறும் அது மிகுந்து வந்தது. ஓரிரவு நள்ளிரவு வழிபாட்டின் நடுவே, தேடிய பொருள் திடீரென உள்ளத்தில் ஒளிர்ந்தது. அளவிலா மகிழ்ச்சி அவரை நிறைத்தது. வழிபாட்டுக்கு இடையூறென அஞ்சப்பட்ட சிந்தனை வழிபாட்டினிடையிலேயே நிறைவெய்தியது நாம் உன்னுதற்குரியது.

உடனே அதனை மெழுகுப் பலகைகளில் எழுதித் துறவி ஒருவரிடம் காக்குமாறு கொடுத்தார். சின்னாள் கழித்துக் கேட்க, பலகைகள் காணாமற் போயின. மீண்டும் எழுதி வேறொருவரிடம் கொடுத்தார். அவர் படுக்கையருகே வைத்திருந்த அப்பலகைகள் மறுநாட் காலையில் துண்டுதுண்டாக உடைந்து தரையிற் கிடந்தன. சிதறிய மெழுகைத் தொகுத்து, எழுத்தை அரிதின் மீட்டு, இனி இழப்பு நேராதவாறு தோல்தாளில் எழுதுவித்தார். 1077, 1078-ஆம் ஆண்டுகளில் எழுந்த அந்நூலுக்கு, அறிந்துகொள்ளத் தேடும் நம்பிக்கை என்று பொருள்படும் பெயரை முதலில் இட்டார். பின்னரே ப்ரோஸ்லோகியோன் என்னும் பெயர் வழங்கிற்று.

அவ்யுத்தி வருமாறு: இறைவன் என்னும் சொல்லால் நாம் கருதுவது, தன்னினும் பெரிதாக ஒன்றை நினைத்தற்கு இயலாத பொருளையே. கடவுள் இல்லை என்பானும் இவ்விலக்கணத்தைக் கேட்குங்கால் அதன் பொருளை உணர்கின்றான். ஆகவே அஃது அவன் கருத்தளவிலேனும் உளது. ஓவியன் தீட்டப்போகும் ஓவியம் முதலில் அவன் கருத்தில் மட்டும் இருத்தல் போல என்க. இனி, அப்பொருள் கருத்தளவில் மட்டும் இருந்து உண்மையில் இல்லையாயின், கருத்திலும் உண்மையிலும் ஒருங்கே உள்ள ஒன்று அதனினும் பெரிதாகும். அங்ஙனமாயின், தன்னினும் பெரிதை நினைத்தற்கியலாத பொருளினும் பெரிதொன்றை நினைத்தல் கூடும் என்று முடியும். இது முரண். ஆதலின் அப்பொருள் உண்மையிலும் உளது என்பது அவர் துணிபு.

இவ்யுத்தியைத் தனியே எடுத்து ஆராய்வார் பலர் கவனியாது விடும் செய்தி ஒன்றுண்டு. இருபத்தாறு சிறு அதிகாரங்கள் கொண்ட அந்நூல் முழுவதும் இறைவனையும் தம் நெஞ்சையும் முன்னிலைப்படுத்தி அமைந்த விண்ணப்பம். உள்ளமாகிய அறைக்குட் புகுந்து கதவடைத்து இறைவனைத் தேடுமாறு நெஞ்சை அழைத்தபின்னரே யுத்தி தொடங்குகின்றது. யுத்தி முடிந்தபின்னும் நூல் முடியவில்லை. தேடியதைக் கண்டுவிட்டாயாயின், கண்டதை நீ ஏன் உணர்கின்றிலை என்று தம் உயிரையே பின்னர் வினவுகின்றார். அதன்பின், இறைவன் தன்னினும் பெரிதை நினைத்தற்கியலாதவன் மட்டுமல்லன், நினைவு முழுவதையும் கடந்து நிற்பவன் என்று துணிகின்றார். நிறுவப்பட்ட முடிபு அவருக்கு அமைதி தரவில்லை. காணவேண்டும் என்னும் தாகத்தையே மிகுவித்தது. அளவையால் அறிந்தது வேறு, அனுபவத்தாற் பெறுவது வேறு என்பதனை அவர் நன்குணர்ந்திருந்தார்.

மார்மூத்தியே மடத்துத் துறவி கௌனிலோ என்பவர் இவ்யுத்தியை மறுத்து எழுதினார். எல்லாத் தீவுகளினும் சிறந்ததொரு தீவு கடலில் மறைந்துளது என்று ஒருவன் சொல்ல, அச்சிறப்பினாலேயே அஃது உளதென்று கொள்ள வேண்டுமோ என்பது அவர் தடை. தோற்றமும் முடிவும் உடையதாக நினைக்கப்படும் எப்பொருளையும் இல்லையென நினைத்தல் கூடும். எல்லையற்ற ஒரு பொருளுக்கன்றிப் பிறவற்றுக்கு இவ்யுத்தி செல்லாது என்று அன்செல்ம் விடையிறுத்தார். அன்றியும், இனித் தம் நூலைப் படியெடுப்போர் கௌனிலோவின் மறுப்பையும் தம் விடையையும் உடன்சேர்த்தே எழுதுக என்று விதித்தார். தம்மை மறுத்தாரின் சொல்லைத் தம் நூலோடு வாழவைத்த இப்பெருந்தன்மை வாதிடுவோர் யாவரும் போற்றத்தக்கது. பின்வந்த அக்குவினோ தோமையார் இவ்யுத்தியை ஏற்றிலர். டேக்கார்ட்டும் லைப்னிட்சும் வேறு வடிவில் ஏற்றனர். இருப்பு என்பது ஒரு பொருளின் குணமாக எண்ணத்தக்கதன்று என்று காண்டு 1781-இல் மறுத்தார். 1960-இல் நார்மன் மால்கம் மீண்டும் அதனைத் தாங்கி எழுதினார். வாதம் இன்னும் ஓயவில்லை.

நிற்க. 1078-இல் எர்லூயின் மறையவே, மடத்தார் இவரைத் தலைவராகத் தெரிந்தெடுத்தனர். இவர் அவர்கள் முன் நெடுஞ்சாண்கிடையாக வீழ்ந்து விட்டுவிடுமாறு வேண்ட, அவர்களும் எதிரே வீழ்ந்து வேண்டி இசைவித்தனர். பதினைந்தாண்டு அம்மடத்தை ஆண்டார். அதன்மேல் வந்ததோ இதனினும் பெருஞ்சுமை.

1089-இல் லன்பிராங்கு காலமானபின், இங்கிலாந்தின் மன்னன் இரண்டாம் வில்லியம் கான்டர்பரிப் பேராயர் இருக்கையை ஏறத்தாழ நான்காண்டு வெறிதேவிட்டு, அதன் வருவாயைத் தானே கொண்டான். 1093 மார்ச்சு மாதம் குளஸ்டர் நகரில் அவன் கடுநோயுற்று இறப்புக்கு அஞ்சியபோது, அந்நாட்டுக்கு வந்திருந்த அன்செல்மைப் பேராயராக்குவதாக அறிவித்தான். இவர் மறுத்தார். ஆயர்கள் இவரை மன்னன் படுக்கையருகே இழுத்துச் சென்று, செங்கோலைக் கையிற் கொடுக்க முயன்றனர். இவர் கையை இறுக மூடிக்கொண்டார். விரல்களை நோவுண்டாக விரித்தும் முடியாமற்போக, மூடிய கையின்மேல் கோலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆரவாரத்துடன் கோவிலுக்குச் சுமந்து சென்றனர். அடங்காத காளையோடு கிழட்டு ஆட்டை ஒரே நுகத்திற் பூட்டுகின்றீர்களே என்னும் கருத்துப்பட அவர் வருந்திக் கூறினார்.

அச்சொல் பலித்தது. நோய் நீங்கிய மன்னன் பழைய இயல்பினன் ஆனான். அவன் போர்ச்செலவுக்கு இவர் ஐந்நூறு பவுன் தர முன்வந்தபோது, அது போதாதென்று மறுத்தான். இவர் அதனை ஏழைகட்கு வழங்கிவிட்டார். 1095-இல் ராக்கிங்காம் என்னும் இடத்திற் கூடிய பேரவையில், இரண்டாம் உர்பன் பாப்பரசரை மன்னன் இசைவின்றி ஏற்றமை குற்றமெனச் சாட்டப்பட்டது. உடனிருந்த ஆயர்களுள் பெரும்பாலோர் மன்னன் பக்கம் நின்று இவரைக் கைவிட்டனர். அப்பொழுது கூட்டத்தினின்று வீரன் ஒருவன் முன்வந்து முழந்தாளிட்டு, குப்பைமேட்டில் இருந்தும் வென்ற யோபுவை நினைவூட்டி, மனந்தளர வேண்டா என்று வேண்டினான். கற்றோர் விட்டுநீங்கக் கல்லாதோர் துணைநின்றனர். அவையில் பிறர் தமக்கு எதிராகச் சூழ்ச்சி செய்யுங்கால் இவர் சுவரிற் சாய்ந்து அமைதியாக உறங்கிப்போவதும் உண்டென எட்மர் எழுதுகின்றார்.

1097-இல் நாட்டைவிட்டு உரோமை செல்லப் புறப்பட்டார். டோவர் துறையில் மன்னன் ஆட்கள் இவர் மூட்டைகளை அவிழ்த்துப் பணம் தேடினர், ஒன்றும் கிடைத்திலது. பதவியினின்று தம்மை விடுவிக்குமாறு பாப்பரசரை வேண்டினார், அவர் இசையவில்லை. 1098 வேனிற்காலத்தில், கபுவா நகருக்கு அணித்தாகிய மலையூர் ஒன்றில் தங்கினார். நெடுநாளாக இழந்த தனிமை அங்கே திரும்பக் கிடைத்தது. பெக் மடத்தில் கடைப்பிடித்த வழக்கப்படியே நாளைப் பகுத்துக்கொண்டு, இங்கிலாந்தில் தொடங்கிய நூலை முடித்தார். இறைவன் மனிதனாக வந்தது ஏன் என்பது அந்நூற்பொருள். மாந்தரை மீட்பதற்காகச் சாத்தானுக்கு விலை கொடுக்கப்பட்டது என்று அதுகாறும் பலர் கூறிவந்ததை அவர் விலக்கினார். சாத்தானுக்கு உயிர்களின்மேல் நேரிய உரிமை யாதுமில்லை. கடன் இறைவனுக்கே உரியது என்று நிறுவினார்.

அக்காலத்தே கபுவாவை முற்றுகையிட்டிருந்த படையில் சிசிலியிலிருந்து வந்த இசுலாமிய வீரர் பலர் இருந்தனர். அவர்கள் இவர் தங்கிய கூடாரத்துக்கு வந்து உணவுண்டு, இவரை வாழ்த்திச் சென்றனர் என்று எட்மர் குறிக்கின்றார். தமக்குக் கீழ்ப்படிதலைப் பழக ஒருவர் வேண்டும் என்று இவர் கேட்க, பாப்பரசர் மாணாக்கராகிய எட்மரையே அப்பணிக்கு நியமித்தார். பேராயராகிய ஆசிரியர், படுக்கையில் புரண்டு படுப்பதற்கும் மாணாக்கர் இசைவைப் பெற்றார் என்று மற்றொரு வரலாற்றாசிரியர் எழுதுகின்றார். பதவியினின்று விடுதலை கிடைக்காதபோது, தம் விருப்பினின்றேனும் விடுதலை பெற அவர் கண்ட வழி அது.

1100 ஆகஸ்டு 2-ஆம் நாள் வில்லியம் மன்னன் வேட்டையில் அம்புபட்டு இறந்தான். அச்செய்தி கேட்ட அன்செல்ம் தேம்பி அழுதார். தம்மைத் துரத்தியவன் பொருட்டு அழுத அவ்வழுகை நடிப்பன்று. அவனைத் திருந்திய நிலையிற் காணமுடியாமற் போயிற்றே என்னும் துயரம்.

புதிய மன்னன் முதலாம் ஹென்றி இவரை வரவழைத்தான். 1102-இல் வெஸ்ட்மின்ஸ்டரிற் கூடிய திருச்சபைப் பேரவை இவர் தலைமையில் பல விதிகளை வகுத்தது. மனிதரை விலங்குபோல் விற்கும் வாணிகம் இனி நிகழலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஆயர்களுக்கு மோதிரமும் கோலும் கொடுத்து ஆன்மிகப் பதவியில் அமர்த்துவது மன்னன் உரிமையோ என்னும் வழக்கு இதற்கிடையே முற்றியது. 1099-இல் உரோமையில் நிகழ்ந்த பேரவையில் அது தடுக்கப்பட்டதைத் தாம் நேரிற் கேட்டிருந்தமையால், அன்செல்ம் இசையவில்லை. 1103-இல் மீண்டும் நாட்டைவிட்டு நீங்கினார். 1106-இல் பெக் மடத்திலேயே இருவரும் உடன்பட்டனர். மோதிரமும் கோலும் கொடுக்கும் உரிமையை மன்னன் விட்டான். நிலத்தின் பொருட்டு ஆயர் செய்யும் வணக்கத்தை வைத்துக்கொண்டான். 1107-இல் லண்டன் பேரவையில் இவ்வுடன்பாடு உறுதிபெற்றது.

இங்ஙனம் இரு மன்னர்க்கு வளையாத இவர் சிற்றுயிர்களுக்கு முன் உருகுபவர். ஒருநாள் குதிரைமேற் செல்கையில், நாய்கள் துரத்திய முயல் ஒன்று இவர் குதிரையின் காலிடையே புகுந்து ஒடுங்கியது. உடன்வந்தோர் சிரித்தனர், இவர் கண்ணீர் விட்டார். உடலைவிட்டு நீங்கும் உயிர், சூழ்ந்துநிற்கும் பகைக்கு நடுவே புகலின்றித் தவிப்பதும் இவ்வாறே அன்றோ என்று நினைந்து, நாய்களை விலக்கி முயலைக் காட்டிற்குப் போகவிட்டார். வேறொருநாள் சிறுவன் ஒருவன் நூலாற் கட்டிய பறவையைப் பறக்கவிட்டு இழுத்து விளையாடுதல் கண்டு வருந்தினார். நூல் அறுந்து பறவை விடுபட, பெரிதும் மகிழ்ந்தார். பறக்க எழுந்தோறும் இழுக்கப்பட்ட அப்பறவையிடத்தில் அவர் தம்மையும் கண்டனர் போலும்.

எட்மர் தம் வாழ்க்கையை எழுதிவருவதை அறிந்து முதலில் திருத்தியும் உதவிய அன்செல்ம், சின்னாளில் தாம் அப்புகழுக்கு உரியரல்லர் என்று கருதி, எழுதிய ஏடுகளை அழித்துவிடுமாறு பணித்தார். எட்மர் வேறு ஏடுகளிற் படியெடுத்துக்கொண்டு பழைய ஏடுகளை மட்டும் அழித்தார். சொல்லுக்குக் கீழ்ப்படிந்து கருத்துக்கு மாறுபட்ட அக்குற்றத்தைப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டு, படிப்போர் தமக்காக வேண்டுமாறு இரக்கின்றார். அக்குற்றம் நிகழ்ந்திராவிடில் நாம் மேற்கூறியவற்றுட் பலவும் நமக்குக் கிடைத்திரா.

இறுதியாண்டில் உணவு செல்லாது உடல் நலிந்தது. நடக்கவியலாதபோதும் நாள்தோறும் தம்மைப் பூசைக்குச் சுமந்து செல்லுமாறு பணித்தார். 1109-ஆம் ஆண்டு குருத்து ஞாயிறன்று, சூழ்ந்திருந்தோர் அவருடைய பிரிவு அணுகிற்றென்று உணர்த்தினர். இறைவன் திருவுள்ளம் அதுவாயின் மகிழ்ந்து ஏற்பதாகவும், உயிரின் தோற்றம் பற்றித் தம் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கும் வினாவுக்கு விடை காணுமளவு இருக்கவிட்டால் அதற்கு நன்றி பாராட்டுவதாகவும், தம் பின் அதனை அவிழ்ப்பார் யாரேனும் உளராவரோ என்று தாம் அறியாததாகவும் அவர் விடைகூறினார்.

அவ்வினா எளியதன்று. உயிர் பெற்றோரிடமிருந்து உடலோடு வருவதோ, ஒவ்வொரு பிறப்பிலும் இறைவனாற் புதிதாகப் படைக்கப்படுவதோ என்று அகுஸ்தீன் முனிவரும் முடிவு காணாது விட்டது அது. புதிதாகப் படைக்கப்படுமாயின் முதல் மனிதனுடைய பாவம் அதனை எவ்வாறு பற்றும் என்பது அதனுள் அடங்கிய சிக்கல். உயிரை அநாதியெனக் கொள்ளும் நம் நூலோர்க்கு இவ்வினா இவ்வடிவில் எழுதற்கிடமில்லை. எனினும், உயிரோடு குற்றம் கூடியவாறு யாது என்னும் வினாவின் கனத்தை அவர் எவ்வளவு உணர்ந்திருந்தார் என்பதை நாம் நன்கு அறியலாம்.

அவ்வவகாசம் கிடைக்கவில்லை. ஏப்பிரல் 21-ஆம் நாள் புதன்கிழமை விடியற்பொழுதில், சாக்குத்துணியும் சாம்பலும் பரப்பிய தரையிற் கிடத்தப்பட்டு, துறவியர் சூழ, தமது எழுபத்தாறாம் வயதில் அவர் உயிர் நீங்கியது. 1720-இல் பதினொன்றாம் கிளெமெந்து பாப்பரசர் இவரைத் திருச்சபையின் ஆசிரியர் வரிசையிற் சேர்த்தனர்.

பேராயர் பதவி அவரிடமிருந்து பதினாறாண்டுத் தனிமையைக் கவர்ந்தது. அவ்வாண்டுகள் பெக் மடத்திற் கழிந்திருந்தால் அவ்விறுதி வினாவுக்கும் ஒரு நூல் எழுந்திருக்கலாம். ஆனால் அது கவரமுடியாதது ஒன்றும் இருந்தது. மலையேறி அரசனைக் காணச் சென்ற சிறுவர் எழுபத்தாறு வயதிலும் ஏறிக்கொண்டே இருந்தார். சாவை அஞ்சி அவர் காலம் கேட்கவில்லை. தாம் நம்பியதை இன்னும் சற்றுத் தெளிவாக அறியவே கேட்டார். தாம் காணப்போகும் இறைவனிடத்தேயே அவ்வினாவைக் கொண்டு சென்றார் என்று எண்ணி நாம் அமைவோமாக.